குளித்துவிட்டு வருபவர்களுக்கு மட்டும்

பானுப்பிரியா புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். சாயங்காலம் கம்பெனி வேனை விட்டு இறங்கும்போது முடி, புருவம், கழுத்து மடிப்பெல்லாம் அலுமினியப் பவுடர் அப்பி, வெள்ளிக் கவசம் சாத்தின அம்மன் மாதிரி இருப்பாள். பார்க்க லட்சணம்தான். அந்தக் கோலத்தோடு கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா?

தாயில்பட்டி வேன் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த பெரிய தொட்டிதான் அவளுக்குக் கதி. கல்தொட்டி, சுற்றி ஆளுயரச் சுவர், பக்கத்தில் கிணறு. பொம்பளையாளுக குளிக்கவென்று அந்தக் காலத்தில் சிவகாசி சீனிவாசகம் முதலாளி கட்டிக்கொடுத்தது. தொட்டிக்குள் ஒருத்தியும் காலை வைக்க மாட்டாள். சுற்றி நின்று செம்பில் மோந்து மோந்து ஊற்றிக்கொள்வார்கள். புருசன் மாரிக்கண்ணன் பிள்ளையோடு வாசலில் நிற்பான். ஈரத்தலையோடு வந்து வாங்கி, பஞ்சம்மாள் டீக்கடை மறைவில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். வீட்டில் குளித்தால் ஆகாதா என்பீர்கள். குழாயில் எப்பவாவது தண்ணி எட்டிப்பார்க்கிற தெரு, அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில். மருந்துப் பொடியோடு அடுப்புக்கிட்ட போகச் சொல்கிறீர்களா? நல்லா இருக்கே!

சீனிவாசகத்தின் பேரன், இப்போது கம்பெனியை நடத்துகிற மணிகண்டராஜுக்கு பிரீத்திகா என்று ஒரு மகள். கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவள், தொட்டியைப் பார்த்ததும் கண்கலங்கிப் போனாள்.

"அப்பா, இது ஹெரிடேஜ்! இதைக் காப்பாத்தணும்."

யாரிடமிருந்து என்று அப்போது சொல்லவில்லை.

தொட்டியைப் புதுப்பிக்கக் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள், போண்டாவோடு. திரையில் புதுத் தொட்டியின் படம் ஓடியது. வெள்ளைத் துண்டு கட்டிய பெண்கள் தாமரை இதழுக்கு நடுவில் மிதந்தார்கள்.

"இதுல நாங்க எங்கன நிக்கோம்?" என்று பானுப்பிரியா கேட்டாள்.

"அது சும்மா படம்க்கா. தொட்டி எப்பவும் உங்களோடதுதான்" என்றாள் பிரீத்திகா.

பஞ்சம்மாள் விடவில்லை. "இன்னைக்குத் தொட்டியில கை வைக்கிறீக. நாளைக்கு என் கடை, அப்புறம் வேன் ஸ்டாப்பு, கடைசியில நாங்க குடியிருக்க வாடகை வீடு. எனக்குத் தெரியாதாக்கும்?"

"பஞ்சம்மா, நீங்க போண்டா சாப்பிடுங்க" என்றார் மணிகண்டராஜ். "எங்க தாத்தா வாக்கு. காலத்துக்கும் இலவசம்."

வாக்கை மீறவில்லை மனுசன், அதையும் சொல்லத்தான் வேண்டும். திறப்பு விழா முடிந்து வாசலில் தொங்கின போர்டில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'அனைவருக்கும் இலவசம்.' அதுக்குக் கீழே: 'குளித்துவிட்டு வருபவர்களுக்கு மட்டும் அனுமதி.'

"குளிக்க வர்றவக குளிச்சுட்டு வரணுமா? இது என்னண்ணே கூத்து?" பானுப்பிரியா வாச்சுமேன் கண்ணுச்சாமியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்ன செய்ய தாயி? உள்ள இருக்கவுக பவுடர் ஆகாதுங்காக."

வேன் சத்தத்தில், வெளியூரிலிருந்து தொட்டியில் ஊற வருகிற விருந்தாளிகளுக்கு அமைதி கெடுகிறதென்று ஸ்டாப்பைத் தள்ளி வைத்தார்கள். பஞ்சம்மாள் கடை இருந்த இடத்தில் அதே சுக்குக்காப்பியை மண்குவளையில் ஊற்றி, வாயில் நுழையாத பேரில் விற்றார்கள்.

பானுப்பிரியா வீட்டுக்குப் பின்னால் சேலையை மறைப்புக் கட்டி, அரைக்குடம் தண்ணியில் துடைத்துக்கொண்டாள். பொடி போனால்தானே! உள்ளே பிள்ளை வீறிட்டு அழும். இவளுக்கு மாரில் பால் கட்டி ஜாக்கெட் நனையும். தொடப் பயந்து கதவோரம் நிற்பாள். கடைசியில் மாரிக்கண்ணன் பாட்டிலில் பால்மாவைக் கரைத்தான். பிள்ளை அதுக்குப் பழகி இவளைப் பார்த்து முகத்தைத் திருப்பியது. பால் வற்றிவிடுமோ என்ற பயத்தில் ராத்திரித் தூக்கம் போனது.

அந்தச் சமயத்தில் பிரீத்திகாவே தேடி வந்தாள். கம்பெனி காலண்டருக்குப் படம் எடுக்கணுமாம். தொட்டியில் பெண்கள் குளிக்கிற மாதிரி.

"நெசமாவே குளிக்கலாமாம்மா?"

"நிச்சயமா. ஆனா குளிச்சுட்டு வந்துருங்கக்கா."

பக்கத்து வீட்டில் குடம் குடமாகக் கடன் வாங்கி, தேய்த்துக் குளித்துவிட்டுப் போனாள். கேமராக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ரொம்பச் சுத்தமா இருக்காங்களே, தொழிலாளி மாதிரியே தெரியலையே! உடனே கம்பெனியிலிருந்து அலுமினியப் பவுடர் வந்தது. கன்னத்திலும் கழுத்திலும் பூசினார்கள். தலையில் ஒரு செம்புத் தண்ணி ஊற்றச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள்.

"சூப்பர்க்கா! நீங்க கிளம்பலாம்."

"மிச்சத்தையும் ஊத்திட்டுப் போறேனே?"

"ஐயோ, மேல பவுடர் இருக்கே!"

பவுடரோடுதான் வீடு வந்தாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

வருசக் கடைசியில் எல்லாத் தொழிலாளிக்கும் ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தார்கள். அதில் பானுப்பிரியா தலையில் தண்ணி வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'பெரிய தொட்டியில் நீராடும் நம் பெண்கள்' என்று கீழே அச்சடித்திருந்தது. வேனில் எல்லாரும் கேலி செய்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே தொட்டிக்கு நடந்தாள். வேன்கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போனது.

"குளிச்சுட்டு வரணும் தாயி" என்று கண்ணுச்சாமி ஆரம்பித்தார்.

காலண்டரை அவர் மூக்குக்கு நேரே விரித்தாள். "இது யாருண்ணே?"

"நீதான்."

"என்ன செய்யுதேன்?"

"குளிக்கெ."

"அப்ப குளிச்சுட்டுத்தான வந்திருக்கேன்? வழிய விடுங்க."

கண்ணுச்சாமி போர்டைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். இரண்டும் முதலாளி அச்சடித்ததுதான். கதவைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உள்ளே தாமரை இதழுக்கு நடுவில் ஒரு பெங்களூர் அம்மா கண்மூடிக் கிடந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா" என்று அவளைச் சுற்றி மோந்து மோந்து ஊற்றினார்கள். வெள்ளித் தண்ணி வாய்க்காலில் ஓடியது. கண்ணைத் திறந்த அந்த அம்மா, தொட்டிக்குள்ளே காலை வைத்திருக்கும் ஒரே ஆள் தான்தான் என்று கண்டு மெல்ல எழுந்து வெளியேறினாள்.

பிரீத்திகா ஓடி வந்தபோது பானுப்பிரியா போர்டுக்குக் கீழே, ஈரத்தலையோடு, மாரிக்கண்ணன் தூக்கி வந்த பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். பிள்ளை முதலில் முகத்தைத் திருப்பியது, சிணுங்கியது, பிறகு ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நாளைக்கும் வருவீங்களாக்கா?" என்று கேட்டாள் பிரீத்திகா, குரல் இறங்கி.

பானுப்பிரியா பிள்ளையை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"காலண்டர்ல தாள் இருக்க மட்டுக்கும் வருவோம்மா. அடுத்த வருசத்துக்கும் நீங்கதான அடிச்சுக் குடுப்பீக?"