என் கையில நல்லாத்தான் ஓடுச்சு

மூணாவது வளைவில் ஜீப் மறுபடியும் மூச்சு வாங்கியது. அன்புக்கரசி இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு இறக்கி, ஆக்ஸிலேட்டரை முட்டுகிற வரைக்கும் மிதித்தாள். எஞ்சின் அணையவும் இல்லை, இழுக்கவும் இல்லை. முனகிக்கொண்டே நின்றது. பின்னால் எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் எட்டுப் பேர். யாரும் சொல்லாமலே ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை, அதனால் யார் முதலில் இறங்குவது என்பதுகூடப் பழகிப்போயிருந்தது. கடைசியாக இறங்கிய சின்னத்தாயி, பரவாயில்லீங்க அம்மணி, நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். மரியாதையாகச் சொன்னதுதான். அன்புக்கரசிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மேலே எஸ்டேட் கேட்டில் மேனேஜர் காத்திருந்தார். அவர் திட்டவில்லை. நம்ம கொங்குப் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, இன்னும் இரண்டு 'ங்க'தான் கூடும். திங்கக்கிழமையும் ஆளுங்க நடந்து வந்தாங்கன்னா வேற வண்டி பாத்துக்கறேனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க என்றார். வேற வண்டி எது என்று அவளுக்குத் தெரியும். அடிவாரத்து டீக்கடைப் பக்கத்தில் ஒரு புதுப் பிக்கப் நிற்கிறது. அதன் டிரைவர் ஒரு மாதமாக மேனேஜருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த லைனில் பன்னிரண்டு வருசம் வண்டி ஓட்டியது அவள் புருசன் ஜெரோம். மூன்று மாதத்துக்கு முன்னால் கிணத்து மேட்டில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். மறுநாளே அன்புக்கரசி சாவியை எடுத்தாள். சர்ச் மைதானத்தில் அவனிடமே ஓட்டப் பழகியவள், லைசென்ஸும் இருந்தது. அன்றைக்கே ஆரம்பித்தது இந்த சனியன். சமதரையில் ஓடும், காலியாக இருந்தால் ஏறும், ஆள் ஏறி மூணாவது வளைவு வந்தால் படுத்துவிடும்.

ஜெரோம் கெட்டவன் இல்லை. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்துகொண்டு, அவளுக்காக அரிசி களைந்து வைப்பான். ஆனால் சாயங்காலம் அவள் வந்து, ஏனுங்க, இன்னைக்கும் நின்னுபோச்சுங்க என்று சொன்னால், ஒரே ஒரு பதில்தான் சொல்வான்.

"என் கையில நல்லாத்தான் ஓடுச்சு."

போதாதா? சோறு இறங்காது அவளுக்கு. ராத்திரியெல்லாம் வலது கால் படுக்கையிலேயே ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்.

மேட்டுப்பாளையத்தில் ரசாக் ஷெட்டுக்கு ஏழு தடவை போயாயிற்று. ரசாக் கைராசிக்காரர், பொய் சொல்லாத மெக்கானிக். டீசல் பில்டரை மாத்தினார். டேங்கைக் கழற்றிக் கழுவினார். ஏர் கிளீனரில் எண்ணெய் புதுசாக ஊற்றினார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் திறந்து பம்பு லிவரைக் கையால் இழுத்தால் எஞ்சின் கொன்னு எடுக்கிற மாதிரி உறுமும். லோடு ஏத்தி மேட்டில் மிதிச்சா கொஞ்சமாச்சும் கரும்புகை தள்ளோணும், உங்க வண்டியில புகையே இல்லைன்னு சொல்றீங்க, அப்ப டீசல் பத்தலைங்க அம்மணி என்று சொல்லி, பம்பைக் கழற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பிச் சரிபார்த்தும் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் எட்டு மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு அவரே மலைக்குப் போய் வருவார். எதிர்க்கடையில் அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்பாள். இறங்கி வந்து, நல்லா இழுக்குதுங்களே என்பார், பாவம்போல.

அவர் ஓட்டினால் ஏறுகிறது. ஜெரோம் ஓட்டினால் ஏறியது. இவள் ஓட்டினால் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, முக்காட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் ஷெட்டுக்குப் போய் நின்றாள். ரசாக்கண்ணா, இன்னைக்கு நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்து என்ன தப்புப் பண்றேன்னு பாருங்க, என் காலு மேல தப்புன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுங்க, சாவிய வேற ஆளுகிட்டக் குடுத்துடறேன் என்றாள். ரசாக் மறுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். முதல் வளைவு ஏறியது. இரண்டாவது வளைவில் திணறியது. மூணாவதில், வைத்தது வைத்தபடி நின்றுவிட்டது. ரசாக் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். புகை இல்லை. கியர் சரி, கிளட்ச் சரி, நீங்க ஓட்டறதுல ஒரு கொறையும் இல்லீங்களே என்றார். அது உபசாரத்துக்குச் சொன்னது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இடம் மாறினார்கள். அவள் தலையைக் குனிந்தபடி வண்டியைச் சுற்றி வந்து உட்கார்ந்தபோது, சீட்டில் மடித்து வைத்திருந்த ஜமக்காளத் துண்டு தட்டுப்பட்டது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரசாக் மிதித்தார். ஜீப் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு கிளம்பியது. கரும்புகை கக்கிக்கொண்டு நாலாவது வளைவு, ஐந்தாவது வளைவு என்று ஏறிப் போனது. அன்புக்கரசிக்குக் கண் முட்டிவிட்டது. அப்போ நான்தான். வண்டியில் ஒன்றுமில்லை, நான்தான்.

மேலே சமதளத்தில் ரசாக் வண்டியை நிறுத்தினார். இறங்கி, அவள் பக்கம் கையை நீட்டினார்.

"அதக் குடுங்க அம்மணி. பெடலுக்கடியில பழையபடி விரிச்சுப்போட்டுடறேன்."

கொடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"இத எதுக்குங்கண்ணா எடுத்தீங்க?"

"என் காலு பூரா கிரீசுங்க. உங்க ஊட்டு ஜமக்காளம், அழுக்காயிருமுங்களே. எப்ப வண்டிய எடுத்தாலும் மொதல்ல அதத்தானுங்க மடிச்சு வெப்பேன்."

ரசாக் தன் காலைப் பார்த்தார், அவள் மடியைப் பார்த்தாள். பவானி ஜமக்காளம், கல்யாணத்துக்கு வந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, நாலாக மடித்து, கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து ஜெரோம்தான் கோணூசியால் தைத்தான். எஞ்சின் சூட்டில் தகரம் கொதிக்கும், நீ வெறுங்காலில் ஓட்டறவ, காலு பொத்துப்போகும் அம்மணி என்று சொல்லி, அவள் சாவியை எடுத்த முதல் நாளே கொடுத்துவிட்டான்.

அன்புக்கரசி இறங்கி வந்தாள். ஆக்ஸிலேட்டருக்குக் கீழே தகரத்தில் ஜமக்காளத்தைப் போட்டு, பெடலைக் கையால் அமுக்கினாள். பாதியில் முட்டி நின்றது. ஜமக்காளத்தை இழுத்து எறிந்துவிட்டு மறுபடியும் அமுக்கினாள். பெடல் தகரத்தைத் தொட்டு, டக்கென்று சத்தம் வந்தது. அதை இன்னொரு தடவை செய்தாள். இன்னொரு தடவையும் செய்தாள். ரசாக் நெற்றியில் அடித்துக்கொண்டார். பம்பக் கோயமுத்தூர் வரைக்கும் அனுப்பிச்சேனுங்களே என்று அவர் புலம்ப, அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஜமக்காளத்தை ஜெரோமின் மூஞ்சியில் வீசவேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனாள். உள்ளே அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கோணல்மாணலாக அவன் போட்ட தையல் கண்ணில் பட்டது. வீசவில்லை. அவன் மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். மூன்று மாதம் தூங்காததையும் சேர்த்துச் சொன்னாள். அவன் தையலையே தடவிக்கொண்டிருந்தான். வெங்காயத்தில் பாதி உரிக்காமலே கிடந்தது.

திங்கக்கிழமை காலை மூணாவது வளைவு வந்ததும், பழக்க தோசத்தில் சின்னத்தாயி ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். உக்காருங்க அக்கா என்று அன்புக்கரசி திரும்பாமலே சொன்னாள். வெறுங்காலுக்குக் கீழே தகரம் கொதித்தது. மிதித்தாள். எட்டுப் பேரையும் சுமந்துகொண்டு ஜீப் கேட் வரைக்கும் ஏறியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்து, வாங்க என்றார். ஒரே ஒரு 'ங்க'.

சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஜெரோம் ஸ்டூலை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்கார்ந்து காலை நீட்டினாள். வலது உள்ளங்கால் செக்கச்செவேல் என்று இருந்தது.

"கால் சுட்டுதா அம்மணி?"

"சுட்டுதுங்க" என்றாள். "என் கையிலயும் நல்லாத்தான் ஓடுச்சுங்க."