மறுக்கத் தெரியாதார் நகர்வலம்

மேற்றிசையில் வெள்ளியங்கிரி மலைமுடிகள் முகிற்போர்வையை மெல்ல விலக்கிக் கண்விழிக்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்த ஈரக்காற்று தேர்நிலைத் திடலின் புழுதியையும் பூக்கடைகளின் நறுமணத்தையும் ஒருங்கே வாரி வீதிதோறும் இறைத்துச் செல்ல, பேருந்துகளின் ஊதொலி இன்னும் முழுவீச்சில் எழாத ஆவணித் திங்களின் ஞாயிற்றுக் காலையில், கோவை மாநகர், கடை திறக்குமுன் நீறணிந்து புன்னகையைச் சரிசெய்துகொள்ளும் வணிகனைப்போல, வருவோரை எல்லாம் வரவேற்கவும் வந்தோரை எளிதில் விடாதிருக்கவும் அணியமாகி நின்றது.

அந்நகரின் ஒப்பணக்காரத் தெருவில் சென்னிமலைப் போர்வைகளை நெடுங்காலமாக மொத்தமாய் விற்றுவந்தவர் செங்கோடன். எத்துணை இனிக்கப் பேசிவரும் கொள்வோரையும், முறுவல் மாறாமல் “கட்டாதுங்க” என்னும் ஒற்றைச் சொல்லால் படியிறக்கி அனுப்பவல்லவர். மனைவியை இழந்து ஆண்டுகள் சில கழிந்திருந்தன. வரும் தைத்திங்களில் கடையை அக்காள் மகன் நவநீத்திடம் ஒப்படைத்துவிட்டு, தோளில் ஒரு துணிப்பையும் காலில் ஒரு செருப்புமாய், யாருக்கும் விடைசொல்லாமல் ஊர்தோறும் நடந்தே திரிவது என்னும் ஆசையை, கஞ்சன் பொன்னைக் காப்பதுபோல் நெஞ்சில் பூட்டிக் காத்துவந்தார். ஒருநாள் வாய்தவறி அதனை அக்காள் மயிலாத்தாளிடம் சொன்னதே பிழையாயிற்று.

“ஏந் தம்பி, பொறந்த ஊரையே முழுசாப் பாக்காதவன் காசிக்கு நடந்து என்னத்தக் காணப் போறே? வார ஞாயித்துக்கெழமை நானே நடத்திக் கூட்டீட்டுப் போறேன், வா” என்றாள் காங்கேயத்திலிருந்து வந்த அவ்வம்மை.

சொன்னவாறே வந்தாள், உடன் ஆனைமலைப் பள்ளி ஆசிரியை கோகிலவாணியையும் அழைத்து வந்தாள். தம்பி தங்கையரைக் கரையேற்றுவதிலேயே மணப்பருவம் கடந்தவள், அளந்து பேசுபவள். “தெரிஞ்ச புள்ள, பாவம், கோயிலு பாக்கோணும்னு ஆசைப்பட்டுச்சு” என்பதே அக்காள் தந்த விளக்கம். கோனியம்மன் கோயிலில் மயிலாத்தாளின் நாத்தனார் ‘தற்செயலாக’ எதிர்ப்பட்டாள். மணிக்கூண்டின் நிழலில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் ‘தற்செயலாக’ இளநீர் பருகிக்கொண்டிருந்தார். இருவரும் ஆசிரியையை ஏற இறங்க நோக்கினர். நோக்கியபின் வீடு திரும்பாமல் உடன் நடக்கலாயினர். நடக்க நடக்கச் சுற்றம் பெருகுவது கண்டும், செங்கோடன் நகரின் அழகிலே தோய்ந்து, தம் கால்கள் பின்னாளில் நடக்கவிருக்கும் தொலைவுகளை எண்ணி மகிழ்ந்திருந்தார்.

கோட்டைமேட்டில் நண்பர் அப்துல் கையூமின் சேலைக்கடை வந்தது. கடைவாயில் நின்ற கையூம் கை விரித்து, “வாங்க மாப்பிள்ளை! கூறைச்சேலை அரக்குலயே இருக்கட்டுமுங்களா, பச்சையா மாத்திப்போடலாமுங்களா? அக்கா நேத்து எடுத்து வெச்சாங்க. உங்க மூஞ்சிக்கு அரக்கே அதிகமுன்னு நாஞ் சொன்னேன்” என்றார்.

“யாருக்குங்க கூறை?”

கையூம் பின்னால் நின்ற கோகிலவாணியைக் கண்டார், நாக்கைக் கடித்துக்கொண்டார். “அடடா, நான் வாயே தொறக்கலீங்க. இஞ்சி டீ சொல்றேன், குடிச்சுப்போட்டுப் போங்க.”

வலையின் கயிறு காலில் பட்ட மானெனத் திகைத்தார் செங்கோடன். முன்னே அக்காள், பின்னே அண்ணன், இடப்புறம் நாத்தனார். ஓடிவிடலாம், ஆயினும் விருந்தாய் வந்த ஒரு பெண்மகளின் முன்னிலையில் மூத்தவளை மறுத்துரைப்பது கொங்குநாட்டு நாவுக்குக் கூடாத செயல் அன்றோ!

பெரியகுளக் கரையில் மயிலாத்தாளுக்குத் திடீரென முழங்கால் வலித்தது. சுற்றத்தார் அனைவரும் அவளது முழங்காலைக் காக்கத் தங்கிவிட, இருவர் மட்டும் முன்னே நடந்தனர்.

“ஏனுங்க டீச்சர், உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமுங்களா?”

“மாசாணியம்மன் சத்தியமாத் தெரியாதுங்க. எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குது, ஊட்டுக்குப் பின்னால நாலு தென்னை இருக்குது. அது போதுமுங்க.”

“எனக்கும் வேண்டாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“அய்யோ, நான் எதுக்குங்க தப்பா நெனைக்கறேன்? நீங்க நல்ல மனுசருங்க.”

“நீங்களுந்தானுங்க.”

ஒருவரை ஒருவர் வேண்டாமென்பதில் இத்துணை இனிமையாய் உடன்பட்டோர் உலகில் அரியர். எஞ்சியது, அதனை அக்காளிடம் எவர் உரைப்பது என்பதே.

“நீங்களே சொல்லிப்போடுங்க டீச்சர். நான் வேண்டாம்னேன்னா, பொண்ணுக்கு என்ன கொறையோன்னு நாலு பேரு கேப்பாங்க.”

“அதெப்படிங்க? நான் சொன்னா உங்களுக்கல்லங்க கொறச்சலு! நீங்களே சொல்லுங்க.”

முதலில் மறுப்பவர்க்குப் பெருமையும் மறுக்கப்படுபவர்க்குச் சிறுமையும் சேருமாதலின், பெருமையை மற்றவர்க்கே ஈந்துவிட இருவரும் முனைந்தனர்; ஈந்ததை மற்றவர் ஏற்றுக்கொண்டார் என்றும் இருவருமே நம்பினர். கொள்வதில் ஒருவரை ஒருவர் விஞ்சுவோரை நாளும் கண்ட செங்கோடன், கொடுப்பதில் விஞ்சும் இப்பேரத்தின் கேட்டை அறிந்திலர்.

அந்திப்பொழுதில் கோட்டை ஈசன் கோயிலை அடைந்தனர். விளக்கொளியில் மயிலாத்தாள் மல்லிகைச் சரத்தை மடியிலிருந்து எடுத்தாள். அதனைப் பெண்ணின் கூந்தலில் சூட்டிவிட்டால் மணம் உறுதி. பின்வாங்குதல் இரு குடும்பத்துக்கும் தீராப் பழி.

“ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சொல்லோணும்னா, இப்பவே சொல்லிப்போடுங்க கண்ணு. இல்லீன்னா பூ வெச்சுப்போடறேன்.”

செங்கோடன் ஆசிரியையைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க டீச்சர்.”

“இல்லீங்க, நீங்களே சொல்லுங்க.”

“அட, நீங்க மொதல்ல…”

“பெரியவங்க நீங்க இருக்கீல நான் எப்படிங்க…”

“அடேயப்பா!” என்று கைகொட்டினாள் நாத்தனார். “பூ வெக்கறதுக்கு முன்னாலயே ஒருத்தருக்கொருத்தரு எப்படி உட்டுக்குடுக்கறாங்க பாருங்க!”

சுற்றம் சிரித்தது. அச்சிரிப்பு அடங்குமுன் மயிலாத்தாளின் கை நீண்டது. கோகிலவாணியின் கூந்தலில் மல்லிகை ஏறி அமர்ந்தது.

வெளியே வந்தபொழுது வீதி விளக்குகள் எரிந்தன. வேகநடை பழகிய செங்கோடனின் கால்கள், அருகே வந்தவளின் நடைக்கு ஏற்பத் தாமே தளர்ந்தன.

“கோவமுங்களா?” என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

“இல்லீங்க. உங்களுக்குங்க?”

“எனக்கும் இல்லீங்க.”

பண்பறிந்த வாசகரே, அதுவே அவர்தம் இல்லறத்தின் முதற்பொய். எத்துணை அன்போடு சொல்லப்பட்டதெனின், அவ்விருவரும் தம் வாழ்நாள் முழுதும் அதனை மெய்யாக்கவே உழைத்தனர். பிறர் மனம் நோகாமற் காப்பதையே அறமெனக் கொண்ட நாட்டில், சிறைக்கு மதிலும் வேண்டா, காவலும் வேண்டா; உள்ளிருப்போர் இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, வாயிலிலேயே நின்றுவிடுவர்.