பிறந்த வீட்டுச் சேலை

அன்று சாயங்காலம் கணவன் ஜஸ்டின் காரில் வருவதாக இருந்தது. இ-பாஸ் கிடைத்துவிட்டது. விடுப்பும் கிடைத்துவிட்டது. கொரோனா தொற்று இல்லை என்று பரிசோதனை முடிவும் வந்திருந்தது. பகல் ஷிப்டை முடித்துவிட்டால் ஸ்டாஃப் நர்ஸ் ஜெபஷீலா மார்த்தாண்டம் போய்விடலாம். மகளுக்கு இரண்டு வயது. மூன்று மாதமாக அவளுக்கு அம்மா என்பது போனுக்குள் தெரியும் முகம்.

காலையில் அவள் செய்தது ஒரு சின்ன வேலை. எட்டாம் படுக்கை மொக்கம்மாளுக்கு மூச்சு வாங்குவதால் குப்புறவே படுக்க வைத்திருந்தார்கள். மே மாத வெக்கையில் ரெக்சின் மெத்தை சூடேறி, மார்பிலும் வயிற்றிலும் தோல் உரிந்தது. வார்டில் விரிப்புகள் போதவில்லை. வீட்டில் புழங்கிய துணியை உள்ளே விடக்கூடாது என்பது உத்தரவு. மொக்கம்மாள் சொன்ன எண்ணில், வருசநாட்டிலிருக்கும் அவள் தம்பி சங்கிலியை ஜெபஷீலா அழைத்தாள்.

"உங்க அக்காவுக்கு ஒரு நூல் சேலை வேணும். புதுசா எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்."

எதிர்முனையில் சங்கிலி கேட்டான்: "அக்கா எப்படிங்க இருக்கு?"

மூன்றாம் படுக்கையின் மானிட்டர் கத்தியது. "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டு ஓடினாள்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து தம்பியோ அண்ணனோ புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அந்தக் கோடி வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். வருசநாட்டுப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஜெபஷீலாவுக்குத் தெரியாது. அவள் குடும்பத்தில் சவப்பெட்டிக்குப் பூ வைப்பார்கள்.

சங்கிலி நான்கு பேரோடு மினி வேனில் வந்தான். வாசலில் மறித்த காவலாளியின் தலையைச் சுவரில் மோதினார்கள். அவர் அப்படியே சரிந்தார். வார்டின் கண்ணாடிக் கதவு எறிந்த செங்கல்லில் உடைந்தது. படுக்கையிலிருந்தவர்கள் எழ முடியாமல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"செத்தவள உள்ள வச்சுக்கிட்டு எங்ககிட்டயே கதை விடுறீகளா?"

"யாரும் சாகல. நில்லுங்க, சொல்லுறேன்."

"மூஞ்சியக் காட்டிட்டுச் சொல்லுடீ."

சங்கிலி அவள் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தான். வார் அறுந்து அவள் காது கிழிந்தது. மாஸ்க் அவன் கையோடு போனது. அவள் எட்டாம் படுக்கைக்குக் குறுக்கே நின்றாள். குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி வீசினான். தடுத்த இடது கையில் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வந்தவர்களில் ஒருவன் பக்கத்திலிருந்த சிலிண்டரை உதைத்துச் சாய்த்தான்.

குப்புறக் கிடந்த அக்காவைப் பார்த்ததும் சங்கிலி நின்றான். அசைவில்லாத முதுகு. அவன் வாயிலிருந்து அழுகை ஓலமாக வந்தது. இடுப்பில் செருகியிருந்த சேலையை உதறி அவள் மேல் விரித்தான்.

சேலைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதை விலக்கியது. மொக்கம்மாள் தலையைத் திருப்பி, ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டு, விட்டுவிட்டுப் பேசினாள்.

"ஏலே சங்கிலி. இன்னும் மூச்சு... ஓடுதுடா எனக்கு. அதுக்குள்ள கோடியா?"

கூட வந்தவர்கள் கதவைப் பார்த்து ஓடினார்கள். சங்கிலி அங்கேயே நின்றான்.

அப்போதுதான் சீறல் கேட்டது. சாய்ந்த சிலிண்டர் ஒன்பதாம் படுக்கை அம்மாவாசியுடையது. ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். கேட்டு வர ஆளில்லாதவர். மேலிருந்த மீட்டர் உடைந்து காற்று வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் வாய் மீன்போலத் திறந்து மூடியது. ஜெபஷீலா முழு சிலிண்டர் ஒன்றை ஒரு கையால் உருட்டி வந்தாள். வேறு மீட்டரைப் பொருத்தினாள். ஸ்பேனரைத் திருக ஒரு கை போதவில்லை.

"திருகுடா" என்றாள் சங்கிலியிடம். "அழுதது போதும். திருகு."

அவன் திருகினான். ஸ்பேனர் இருமுறை வழுக்கியது. மூன்றாம் முறை இறுகியது. தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் மளமளவென்று கிளம்பின. அம்மாவாசியின் நெஞ்சு எழவில்லை. அவள் வலது கையால் அதை அமுக்கிக்கொண்டே இருந்தாள். மருத்துவர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. போலீஸ் வந்தபோது சங்கிலி ஸ்பேனரைக் கீழே போடாமல் நின்றிருந்தான்.

கைக்கு மாவுக்கட்டு போடும்போது ஜஸ்டின் அழைத்தான். உசிலம்பட்டி தாண்டிவிட்டானாம்.

"திரும்பிப் போங்க. மாஸ்க் இல்லாம நிறைய நேரம் வார்டுக்குள்ள நின்னுட்டேன்."

"பிள்ளை பின் சீட்டுல தூங்குது. தூரத்துல நின்னு பாத்துட்டாவது போறோம்."

"வேண்டாம். பாத்தா ஓடி வந்து தூக்கிருவேன்."

நடந்ததைச் சொன்னாள். அவன் சங்கிலியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் தடுக்கவில்லை. சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தொற்று உறுதியானது. காலியாக இருந்தது ஒன்பதாம் படுக்கை மட்டும். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். ரெக்சின் அவள் மார்பைச் சுட்டது.

பக்கத்துப் படுக்கையிலிருந்து மொக்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளால் எழுந்து உட்கார முடிந்தது.

"என் தம்பிக்கும் வந்துருச்சாம். போலீஸ் காவல்ல வச்சு வைத்தியம் பாக்குறாக. சாகட்டும்னு நெனச்சியா ஆத்தா?"

"நெனச்சேன்."

"நானுந்தான்."

மொக்கம்மாள் தலைமாட்டிலிருந்து அந்தச் சேலையை எடுத்தாள். மடிப்புக் கலைந்திருந்தது. அவள் மேல் அது பட்டபிறகு வார்டில் யாரும் தொடவில்லை.

"இது எதுக்கான சேலைன்னு இப்பத் தெரியுமுல்ல?"

"தெரியும்."

"நீ கேட்டது விரிக்கத்தான? ஆளுக்குப் பாதி."

ஜெபஷீலா எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. சேலையின் ஓர் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிசல் உண்டாக்கினாள். ஒரு கையால் மேற்கொண்டு கிழிக்க முடியவில்லை. கிழிசலின் மறுபக்கத்தை மொக்கம்மாள் தன் இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டாள்.

"இழு" என்றாள்.

கிழிபடும் சத்தத்துக்கு வார்டு முழுதும் திரும்பிப் பார்த்தது. ஜெபஷீலா முந்திவரை இழுத்தாள்.