ஈனாத பசு நின்ற தோட்டம்

கரமனை ஆற்றங்கரையில் பொன்னம்மையின் தோட்டத்துக்குப் பாரம்பரியப் பண்ணை என்று போர்டு வைத்த அன்றிலிருந்து அங்கே ஒரு வாழைக்குலையும் பழுக்கவில்லை. நிறைசினையாக நின்ற பசு ஈனவில்லை. பொன்னம்மைக்கு வயதும் ஏறவில்லை. வெட்டிய குலை மறுநாள் மரத்திலேயே தொங்கியது.

திருநெல்வேலியிலிருந்து வந்த அவளுடைய பாட்டன் நாணல் வெட்டித் திருத்திய நிலம் அது. அப்பா காலத்தில் சாலைக் கடைத்தெருவுக்கு ஏத்தன் வாழைக்குலை வண்டி வண்டியாகப் போனது. அப்பா இறந்ததும் தம்பி பிச்சைக்கனி ஃபிளாட் கட்டுகிறவர்களைக் கூட்டிவந்தான். புருஷன் போனபின் மகள் சுஜாவோடு அங்கேயே பாடுபட்டுக்கொண்டிருந்த பொன்னம்மை, பழைய பண்ணைகளைக் காக்கும் ஒரு சங்கத்தாரிடம் போய் அழுதாள். அவர்கள் வந்து, போர்டு நிற்கும்வரை இங்கே எதையும் விற்கவோ மாற்றவோ கூடாது என்று எழுதி நட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தோட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

முதலில் தெருவில் பேசினார்கள், பிறகு பழகிவிட்டது. பொன்னம்மை ரேஷன் அரிசி பொங்கித் தின்றாள். பக்கத்து ஊரான நேமத்தில் வாழ்க்கைப்பட்ட சுஜாவுக்கு நரை விழுந்தது. பண்ணை பார்க்க வந்தவர்கள் அவளை அம்மை என்றும் பொன்னம்மையை மகள் என்றும் நினைத்தார்கள். பிச்சைக்கனி வேலிக்கு வெளியே நின்று கத்துவான்.

"யக்கா, காய்க்கவும் செய்யாது, விக்கவும் விடமாட்டே. எனக்க பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுப்பேன்?"

"இது அப்பன் பாடுபட்ட மண்ணு, கேட்டியா," என்பாள்.

அவன் நெஞ்சடைத்துச் செத்த அன்றும், தான் வெளியே போனால் அவன் மகன்கள் போர்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து அவள் வேலியைத் தாண்டவில்லை. அழவும் இல்லை.

போன மழைக்காலத்தில் சுஜா தொழுவத்தில் நின்று சொன்னாள்: "அம்மே, மதி, போதும். இந்தப் பசுவ ஒண்ணு பாரு. எத்தன வருஷமா வயித்தச் சுமந்து நிக்குது. போர்ட எளக்கிரு."

"எளக்குனா மறுநாளே ஜேசிபி வரும்."

"வரட்டும்."

பொன்னம்மை பசுவின் வயிற்றில் கை வைத்தாள். உள்ளே கன்று உதைத்தது. மண்வெட்டியை எடுத்துப் போய்ப் போர்டைத் தோண்டிச் சாய்த்தாள்.

மதியத்துக்குள் பசு ஈன்றது. குலைகளெல்லாம் ஒன்றாகப் பழுத்தன. தெருக்காரர்கள் சாக்கோடு வந்து அள்ளிப் போனார்கள். பொன்னம்மையின் தலை வெளுத்தது, முதுகு வளைந்தது. "வயசாச்சுல்லா" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் பழம் பொறுக்கினாள்.

சாயங்காலம் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு சீப்புப் பழத்தோடு தம்பி வீட்டுக்குப் போனாள். காலையில்தான் அவன் செத்ததுபோல் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் பெண்டாட்டி உலகம்மை, "இப்பமாவது வந்தீங்களே மதினி," என்று கட்டிக்கொண்டு கூடவே அழுதாள். முற்றத்தில் மகன்கள் போனில் ஜேசிபிக்காரனிடம் நாளைக் காலைக்கு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது பொன்னம்மையின் காதில் விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.