பின்கதவில் தேய்ந்த இடம்

எங்கம்மாவை ஒரு தடவை பின்சீட்டில் உட்கார வையுங்கள், வண்டியைக் கிளப்பக்கூட வேண்டாம், சும்மா உட்கார்ந்து இறங்கட்டும் என்று நான் கேட்டேவிட்டேன், கையில் சிவந்த துணி, விரலிடுக்கில் மெழுகு, காலை வெயில் கார் ஷெட்டின் வாசலோடு நிற்கிறது, கேட்கவே கூடாது என்று சின்ன வயசிலிருந்து என் தொடையில் கிள்ளிக் கிள்ளி அம்மா பதித்துவைத்த கேள்வி, வெளியே வந்த பிறகு பார்த்தால் இத்தனூண்டு இருக்கிறது, இதற்குப் போயா இத்தனை வருஷம் பயந்தோம், வண்டியின் சொந்தக்காரர் சின்னய்யா காதில் விழாதவர்போலக் கைப்பேசியைப் பார்க்கிறார், அம்மா வண்டிக்கு அந்தப் பக்கம் பானட்டின் மேல் குனிந்திருக்கிறாள், அவள் கைத்துணி நிற்கவில்லை, ஆனால் ஒரே இடத்தில் போய்ப் போய் வருகிறது, ஒரே இடத்தில் தேய்க்கக் கூடாது, இந்த வண்டியில் கூடவே கூடாது, அது அவளுக்குத் தெரியாததா.

மெரூன் நிறச் செவர்லே அது, ஐம்பத்தொன்றாம் வருஷத்து வண்டி, பீளமேட்டில் மில் வைத்திருந்த பெரியய்யா வாங்கியது, அவருடைய பங்களாவின் பின்னால் இந்த ஷெட், ஷெட்டை ஒட்டி எங்கள் ஒற்றை அறை, எங்கள் போக்குவரத்தெல்லாம் பின்வாசல் வழிதான், அப்பா மயில்சாமி வண்டிக்கு டிரைவர், அம்மா மாராத்தாள் வண்டியைத் துடைக்கிறவள், கழுவுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள், ஆனால் மெழுகு போடுவது அம்மாதான், பழைய லாக்கர் பெயிண்டு, இன்றைய கார்களுக்கு நிறத்தின் மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு இருக்கும், இதற்கு அது கிடையாது, நிறமேதான் தோல், பாலிஷைத் தொட்டுத் தேய்த்தால் துணியெல்லாம் சிவப்பாகிவிடும், முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு வண்டிக்கு ரத்தம் வருது ரத்தம் வருது என்று நான் ஓடுகிறேன், அப்பா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார், அட கிறுக்குக் கழுத, வண்டிக்கு ஏது ரத்தம், அது செத்த தோலு, உங்கம்மா குதிகால்ல உரியுதே அதாட்ட, அம்மா ஈரத்துணியை அவர்மேல் வீசுகிறாள், என்ற குதிகாலப் பாக்கறதுக்கெல்லாம் உங்களுக்கு நேரமிருக்குதாக்கும், அந்தத் துணி அப்பாவின் வெள்ளைச் சட்டையில் ஒட்டி விழுகிறது, சட்டையில் சிவப்பு, டிரைவர் சட்டையில் கறையா என்று பெரியய்யாவின் மனைவி பெரியம்மா திட்டுவார்களே என்று இருவரும் ஒரு நொடி பயந்து, பிறகு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், இப்போதும் பாலிஷ் டப்பாவைத் திறந்தால் முதலில் வருவது வாசனை இல்லை, அந்தச் சிரிப்புதான்.

வண்டியைத் தொடும் முன்னால் அம்மா வளையல்களைக் கழற்றி ஷெட்டு ஆணியில் மாட்டுவாள், தாலிக்கயிற்றை முதுகுப்பக்கம் தள்ளி ரவிக்கைக்குள் செருகுவாள், உலோகம் பட்டால் கீறிவிடும், பெரியம்மாவின் உத்தரவு, மொட்டைக் கையும் வெறும் கழுத்துமாக அவள் நிற்பதைப் பார்த்து அப்பா, நான் குத்துக்கல்லாட்ட நிக்கறப்பவே என்ன புள்ள இந்தக் கோலம் என்பார், விளையாட்டாகத்தான் ஆரம்பிப்பார், சில நாள் பாதியில் குரல் மாறிவிடும், எழுந்து வெளியே போய்விடுவார், அப்பா இறந்த பிறகு ஆணியில் மாட்ட ஒன்றும் இல்லை, வேல சுலுவாப் போச்சு அம்மிணி என்றாள், அன்றைக்கு அவளிடம் நான் கத்தியது இப்போது நினைவில்லை, கத்தினேன் என்பது மட்டும் இருக்கிறது.

எங்கள் அறையில் இருந்தது கையகலக் கண்ணாடி, நெற்றியைப் பார்த்தால் தாடை தெரியாது, முழுசாக நான் என்னைப் பார்த்தது இந்த வண்டியின் பின்கதவில்தான், மெழுகு போட்டுப் பத்து நிமிஷம் விட்டால் சாம்பல் பூத்தாற்போல ஆகும், அதைப் பழைய வேட்டித்துணியால் நீளவாக்கில் எடுத்தால் கீழிருந்து கிணற்றுத் தண்ணீர்போலச் சிவப்பு எழுந்து வரும், அதில் நாங்கள் இருவரும், பாவாடையும் சேலையும், கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் அகலமாக, பாரு அம்மிணி நம்மளும் பங்களாக்காரங்களாட்டமே பூசுனாப்பல இருக்கறோம் என்று அம்மா தன் இடுப்பைத் தடவிக்கொள்கிறாள், பண்டிகைக்குப் புதுச்சேலை கட்டினால் கோயிலுக்குப் போகுமுன் ஷெட்டுக்குத்தான் வருவாள், முந்தானையை இழுத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், என் காதுகுத்து, என் சடங்கு, நான் பட்டம் வாங்கிய கறுப்பு அங்கி, எல்லாம் அந்தக் கதவில் வந்துபோயிருக்கின்றன, அப்பாவும் வந்திருக்கிறார், அம்மாவின் தோளுக்குப் பின்னால், மீசையை முறுக்கிக்கொண்டு.

பிறகு அந்த விடியல், அது நடந்ததா நான் கண்ட கனவா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை, பங்களாக்காரர்கள் ஊட்டிக்குப் போயிருக்கிறார்கள், வேறு வண்டியில், பனி இறங்குகிறது, அப்பா பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், பெரியம்மாவுக்குத் திறந்து பிடிப்பாரே அதே பணிவோடு, ஏறுங்க மகாராணி, அவினாசி ரோடு வரைக்கும் போயிட்டு வரலாம், அம்மா வாயைப் பொத்திச் சிரிக்கிறாள், போங்க அக்கட்டால, பயித்தாரத்தனம் பண்ணிக்கிட்டு, ஆனால் கால் முன்னால் போகிறது, சேலையைக் கொஞ்சம் தூக்கி ஒரு பாதத்தை உள்ளே வைத்துவிட்டாள், நான் சொல்வது கேட்கிறதா, ஒரு பாதம் உள்ளே, கனவில் அவள் ஏறிவிடுகிறாள், கண்ணாடி இறங்குகிறது, காற்றில் அவள் தலைமுடி பிரிகிறது, சாலையோரத்துப் புளியமரங்கள் எல்லாம் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்குகின்றன, கனவில்லாத பக்கத்தில் சமையல்கார ராமண்ணா பால் சொம்போடு வந்து நிற்கிறார், நல்லாருக்குதே கூத்து, அய்யா வரட்டும் சொல்றேன் என்கிறார், அம்மா பாதத்தை இழுத்துக்கொண்டாள், அவர் சொன்னாரா சொல்லவில்லையா தெரியாது, அதற்குப் பிறகு அப்பாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அன்றைக்குச் சாயந்திரம், நானும் வண்டியில ஏறட்டுமா என்று நான் சிணுங்கியபோது அம்மா முதல் தடவையாகக் கிள்ளினாள், ஆயுசுக்கும் அதை மட்டும் கேக்கப்படாது, ஆருகிட்டயும் கேக்கப்படாது, என்றாள், கிள்ளிய இடத்தையே பிறகு தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

நான் வேதியியல் படித்தேன், எங்கள் பக்கம் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், பங்களாவில் யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, நாங்க படிக்க வெச்ச புள்ள என்று காட்டுவார்கள், நானும் நிற்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு, இப்போது பெரியய்யாவும் பெரியம்மாவும் இல்லை, மகன் சின்னய்யாதான் எல்லாம், திங்கட்கிழமையிலிருந்து மில் ஆபீசுக்கு வந்துவிடு, அறையிலேயே இருந்துகொள்ளலாம், அம்மாவோடு சேர்ந்து வண்டியையும் பார்த்துக்கொள் என்றார், அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள், பெருந்துறையில் ஒரு சாய ஆலையின் ஆய்வகத்திலும் என்னை வரச் சொல்லியிருந்தார்கள், அதை அவளிடம் எப்படிச் சொல்வது, அவளுக்குத் தெரியாமல் பையை மட்டும் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தேன், பாயசத்தைக் குடித்தேன், இனித்தது, அதுதான் கஷ்டம்.

வருகிற ஞாயிறு பழைய கார்களின் ஊர்வலம், அதற்காகத்தான் இன்று மெழுகு, நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன், சின்னய்யா வந்தார், வண்டியைச் சுற்றி நடந்தார், பின்கதவில் நின்றார், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஓர் உள்ளங்கை அகலம் சிவப்பே இல்லை, அடியிலிருக்கும் சாம்பல் நிறப் பிரைமர் பூச்சு தெரிகிறது, மாராத்தா, என்ன இது, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு, எழுவது வருசத்துப் பெயிண்டு, இதையெல்லாம் திருப்பி அடிச்சா மதிப்பே போயிரும், எவ்வளவு தேச்சிருந்தா இப்பிடி ஆகும், அம்மா கையைக் கட்டிக்கொண்டு, தெரியாமப் போச்சுங்க சாமி, தெரியாமப் போச்சுங்க என்கிறாள், மறுபடி பானட்டுக்கே போய்க் குனிந்துகொள்கிறாள், நான் கதவின் எதிரே அவள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன், அவள் உயரத்துக்கு முட்டியை மடக்கிப் பார்த்தேன், சாம்பல் இருந்தது சரியாக முகம் விழுகிற இடத்தில், இத்தனை வருஷமும் தன் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மற்ற இடங்களைவிட அங்கே ஒரு கை அதிகமாகத் தேய்த்திருக்கிறாள், தேய்த்துத் தேய்த்துத் தன் முகத்தையே அழித்திருக்கிறாள், சின்னய்யா பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டேன்.

சின்னய்யா கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார், ஏம்மா, படிச்ச புள்ள பேசற பேச்சா இது, நான் என்ன சொல்லீட்டிருக்கறேன், நீ என்ன கேக்கற என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார், கெட்டவர் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும், சரி சரி, இதுக்குப் போயி கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு, சீட்டுல ஒரு துண்ட விரிச்சுட்டு உக்காரச் சொல்லு, அஞ்சு நிமிசம், பழைய தோலு, அழுக்குப் பட்டா போகாது, என்றார், அந்தச் சீட்டில் அவருடைய நாய் துண்டில்லாமல் உட்கார்ந்து போயிருக்கிறது, ஜன்னலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நான் பார்த்திருக்கிறேன், அம்மாவும் பார்த்திருக்கிறாள், அவள் நிமிர்ந்தாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், வேண்டாங்க சாமி, எனக்கு முட்டி மடங்காதுங்க, ஏறுனா அப்பறம் என்னைய வண்டியோட சேத்து ஊர்வலம் உடோணும், சின்னய்யாவும் சிரித்துவிட்டார், விஷயம் முடிந்ததென்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும், அப்போ திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வந்துரு என்றார் என்னிடம்.

நான் வரலைங்க என்றேன், என்னது என்றார், மில்லுக்கு வரலைங்க, இந்த வண்டியையும் இனித் தொடறதா இல்லைங்க, படிக்க வெச்ச நன்றி கொஞ்சமாச்சும் வேண்டாமா என்று அவர் ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டேன், நீங்க படிக்க வெக்கலைங்க, எங்கப்பன் ஓட்டுன ஓட்டமும் எங்கம்மா தேச்ச தேப்புந்தான் படிக்க வெச்சுது, அவர் அம்மாவைப் பார்த்தார், அவள் வந்து என் வாயைப் பொத்துவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அம்மா பானட்டில் காய்கிற மெழுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வாம்மா போலாம் என்றேன், இதைய இப்பிடியே உட்டுட்டு வர முடியாது அம்மிணி, காஞ்சா புடிச்சுக்கும், முடிச்சுட்டு வாரேன், நீ முன்னால போ என்றாள், துணியை மடித்துப் புதுப்பக்கம் எடுத்தாள், நீளவாக்கில் இழுத்தாள், சாம்பலுக்கு அடியிலிருந்து சிவப்பு எழுந்தது, நான் ஷெட்டின் நிழலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் அவள் குரல், உரக்க, சின்னய்யாவுக்கும் கேட்கிற மாதிரி, கட்டலுக்கடியில கட்டி வெச்சிருக்கறயே அந்தப் பையி, அதுக்கு ஜிப்பு சரியில்ல, நேத்தே ஊசிநூல் போட்டு ரண்டு தையல் போட்டிருக்கறேன், இருந்தாலும் அடியில கை குடுத்துத் தூக்கு, பெருந்துறை போறதுக்குள்ள அந்துரப் போகுது, நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நின்றிருப்பேன், அறைக்குப் போய்ப் பையை அடியில் கைகொடுத்துத் தூக்கினேன், பங்களாவின் முன்வாசல் வழியாகவே வெளியே நடந்தேன்.