நீலத் துண்டு இல்லாத படம்

தான் எடுத்த படம் ஹட்டன் கண்காட்சியில் தொங்கவேண்டும் என்பதைத் தவிர செல்லசாமிக்கு இந்த வயதில் வேறு ஆசையே இல்லை. படத்தில் இருந்தது வட்டவளைப் பக்கத்து மலைச்சரிவு. அவர் மனைவி ராக்காயி முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்தெடுத்த மலை. போன வருஷம் அவளைப் புதைத்ததும் அதன் அடிவாரத்தில்தான்.

கல்லறை கட்டத் தோட்டத்தில் விடவில்லை. கொழுந்தெடுக்கும்போது அவள் இடுப்பில் கட்டும் நீலப் படங்கில் ஒரு துண்டைக் கிழித்து, நெட்டைக் கம்பில் கட்டி, தலைமாட்டில் நட்டிருந்தார். மண்மேடு மழையில் கரைந்து மானாப்புல் மூடிவிட்டது. அந்தக் கம்பு ஒன்றுதான் அடையாளம்.

கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுப்பவள் ஸ்டூடியோக்காரி ஜீவராணி. அவர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வெளிச்சம் அருமைங்க ஐயா. மலை மடிப்பு மடிப்பா நல்லா வந்திருக்கு. ஆனா இந்தக் கீழ் மூலையில ஏதோ நீலமா தெரியுது பாருங்க, கண்ணு நேரா அங்கதான் போகுது. அது மட்டும் இல்லன்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்குவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க."

அது என்னவென்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற மனுசன். துரை ஒரு குறை சொன்னால் அன்றைக்கே போய்ச் சரிசெய்துதான் பழக்கம். படத்தில் அந்த நீலத்தை மட்டும் போனிலேயே அழிக்கலாம் என்பது, பாவம், அவருக்கு எங்கே தெரியும்!

மறுநாள் காலை போய்க் கம்பைப் பிடுங்கினார்.

"கொஞ்ச நேரந்தான் புள்ள. படம் எடுத்ததும் நட்டுர்றேன், கோவிச்சுக்காத" என்று வாய்விட்டே சொன்னார்.

எதிர்மேட்டில் ஏறி நின்றார். போனில் இடமில்லை என்று வந்தது. குறையுள்ள படம் எதற்கென்று பழையதை அழித்துவிட்டார். பனிமூட்டம் விலகும்வரை காத்திருந்து எடுத்து முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது! இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. இறங்கி வந்து பார்த்தால் புல்லெல்லாம் சாய்ந்து, சேறு படிந்து கிடக்கிறது. கம்பு நட்ட குழியைக் காணோம். மண்டியிட்டுக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். இங்கேயா, பத்தடி தள்ளியா? அந்தச் சரிவில் அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் கிடக்கிறார்கள். கம்பை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

வெள்ளிக்கிழமை படத்தைக் கண்டதும் ஜீவராணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அடேங்கப்பா! இதுதாங்க ஐயா படம். அந்த நீலத்த எப்படி இவ்வளவு சுத்தமா அழிச்சீங்க?"

"அழிக்கல தாயி. போயி புடுங்கிட்டேன்."

நடந்ததைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, ஒரு வார்த்த சொல்லக்கூடாதாங்க? நானே இங்க கம்ப்யூட்டர்ல ஒரு நிமிசத்துல அழிச்சிருப்பேனே! என்னன்னு நானாவது கேட்டிருக்கணும், பாவி."

படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகப் போட்டாள்.

"எந்த எடம்னு கைய வச்சுக் காட்டுங்க ஐயா. நானும் வர்றேன், தேடுவோம்."

செல்லசாமி விரலை நீட்டினார். மூலையில் வைத்தார். இல்லை, கொஞ்சம் மேலே. அதுவும் இல்லை. எங்கே வைத்தாலும் ஒரே பச்சை.

"தெரியலயே தாயி" என்றார், விரலைத் திரையிலிருந்து எடுக்காமலே. "அவ எங்கன்னு எனக்கே தெரியலயே."