நான்கு விரல் குறைந்த உத்தரம்

ப்ரூனெஷ்டி கிராமத்தின் தலைவர் லியோந்தின், ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரே இரவில் நான்கு விரல் உயரம் வளர்ந்தார். அதே காலையில், தச்சர் கவ்ரிலா பாலாகியாவின் வீட்டுக்காக அறுத்து வைத்திருந்த ஓக் மர உத்தரம் நான்கு விரல் குட்டையாகக் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்த ஆண்டு பிளம் விளைச்சல் அமோகம்; எல்லாருக்கும் சாராயம் காய்ச்சுகிற வேலை இருந்தது.

பாலாகியாவின் பழைய வீடு வசந்தத்தில் இடி விழுந்து எரிந்துபோனது. கணவன் இத்தாலியில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தான். அவள் பள்ளிக்கூடத்து விறகுக் கொட்டகையில், இரண்டு ஆடுகளோடும் நிறைமாத வயிற்றோடும் குடியிருந்தாள். முதல் பனிக்குள் கூரை ஏறவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை விறகுக்கு நடுவில்தான் பிறக்கும். கவ்ரிலாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் தப்பாக அளந்தார். அவருடைய அளவுகோல் நீளமான மரச்சட்டம். அதன் மூக்கு தேய்ந்து மழுங்கியிருந்ததால், நான்கு விரல் தள்ளி இருந்த முதல் வெட்டிலிருந்து அளப்பார், கடைசியில் அந்த நான்கு விரலைக் கூட்டிக்கொள்வார். ஆயுசு முழுக்க அப்படித்தான். அன்று பார்த்துத் தலைவர் வந்து, மரத்தின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வீடு கட்டுவது எப்படி என்று அவருக்கே விளக்க ஆரம்பித்தார். இந்த வீட்டைத் தானே கட்டிக்கொண்டிருப்பதாக வேறு சொன்னார். கவ்ரிலா மரியாதைக்கு "ஆமாங்க, ஆமாங்க" என்றார். அந்த இரண்டு ஆமாங்களுக்கு நடுவில் நான்கு விரலும் காணாமல் போயின.

சுவர்கள் ஏற்கெனவே நின்றுவிட்டன, நகர்த்த முடியாது. வேறு மரம் வேண்டுமென்றால் காட்டில் வெட்டத் தலைவரின் முத்திரை வேண்டும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கவ்ரிலா அலுவலகத்துக்குப் போனார்.

"வீடு கட்டி முடிச்சாச்சுன்னு மாவட்டத்துக்கு எழுதிட்டேனேய்யா," என்றார் தலைவர். "முடிஞ்ச வீட்டுக்கு எதுக்கு மரம்?"

"இன்னும் கூரையே ஏறலீங்களே."

"அது உன் பிரச்சினை. காகிதத்துல ஏறியாச்சு."

கவ்ரிலா, தச்சர்கள் எப்போதும் செய்வதைச் செய்தார். உத்தரத்தின் முனையைச் சாய்வாக அறுத்து, பழைய தொழுவத்துத் தூணிலிருந்து எடுத்த துண்டை அதே சாய்வில் செதுக்கிப் பொருத்தி, குறுக்கே மர ஆணிகள் அடித்து ஒட்டுப் போட்டார். மாலையில் அளவு மயிரிழை பிசகாமல் சரியாக இருந்தது. காலையில் பார்த்தால் ஒட்டு கெட்டியாக இருக்கிறது, உத்தரம் மறுபடி நான்கு விரல் குறைவு. தலைவரின் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அடுத்து, முனையில் ஆழமாகத் துளை எடுத்து, நாக்குப்போல நீண்ட தனி மரத்துண்டு ஒன்றைச் செருகினார். மறுநாள் அதுவும் உள்ளே இழுத்துக்கொண்டது. தலைவர் இப்போது அலுவலக விளக்கில் இடிக்காமல் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. பொறுப்பு ஏற ஏற ஆள் வளர்வது இயற்கைதான் என்று கூட்டத்தில் விளக்கினார், கைதட்டினார்கள். கவ்ரிலாவுக்கோ எதை நம்புவதென்றே தெரியவில்லை. அளவுகோலைச் சந்தேகித்தார். பிறகு தன் விரல்களைச் சந்தேகித்தார். உடன் வேலை செய்யும் நெகிதாவைக் கூப்பிட்டு, அவன் விரல்களைத் தன் விரல்களோடு வைத்துப் பார்த்தார்.

"நாலும் இருக்குண்ணே," என்றான் நெகிதா. "தலைய வேணா ஒருதரம் எண்ணிப் பாப்பமா?"

குழப்பத்தைக் கொஞ்சமாவது தெளிவித்தவள் பாலாகியாதான். மனையைப் பார்வையிட வந்த தலைவர், அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தபோது, பலகைமேல் கிடந்த உத்தரம் முனகிக்கொண்டு நீண்டதைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்ததும் அது சுருங்கியது. அவள் பெரிதாக வியக்கவில்லை. இடி விழுந்தபோதும் முதலில் ஆட்டைத்தான் அவிழ்த்து விட்டவள்.

"அண்ணே, உங்க அளவுல இனிமே கோளாறு இல்ல. அந்தாளு குனிஞ்சா இது நீளுது, அவ்வளவுதான்."

"அவரு எப்பம்மா குனிவாரு?"

"மரியாதை எங்க இருக்கோ அங்க குனிவாரு. நீங்க உத்தரத்தத் தூக்குற வேலையப் பாருங்க."

கூரை ஏற்றும் நாளில் ஊரே வந்தது. உத்தரத்தின் ஒரு முனை பின்சுவர்த் துளையில் ஆணி அடித்து நின்றது. மறுமுனை கயிற்றில் தொங்க, முன்சுவரின் துளைக்கு நான்கு விரல் எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. சொற்பொழிவாற்றத் தலைவர் வந்தார். பாலாகியா அவருக்கான பூவேலைத் துண்டையும் சாராயக் குப்பியையும் வீட்டுக்குள்ளே, நடுவில், ஒரு முக்காலியில் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்து வாசல்கள் எல்லாமே தாழ்வானவை. குழந்தைகூட அண்ணாந்துகொண்டு நுழைய முடியாது. தலைவரின் நெஞ்சுக்கு மேல் அந்த வாசலில் இடமில்லை.

"துண்டை வெளிய கொண்டு வாம்மா," என்றார்.

"முதல் துண்டு உள்ளதாங்க தலைவரே. வெளிய குடுத்தா அது கைதுடைக்கிற துண்டு. வேணாம்னா பாதிரியாருக்குப் போத்திடறேன்."

தலைவர் குனிந்தார். உத்தரம் முனகியது. தலை உள்ளே போனது, தோள் போனது. மேலே சுவர்மீது உட்கார்ந்திருந்த கவ்ரிலாவின் கண்முன்னே நாக்கு துளையை நோக்கி ஊர்ந்தது. தலைவருக்கு உடம்பில் ஏதோ குறைவது தெரிந்திருக்கவேண்டும், சட்டென்று பின்வாங்கினார். உத்தரமும் பின்வாங்கியது.

"உள்ள போங்க தலைவரே, துண்டு கைக்கு எட்டுது!" என்று நெகிதா கத்தினான். "இன்னும் கொஞ்சம்! வலது பக்கம் இடிக்குது!"

"யாரய்யா மேல? என்ன பண்றீங்க?"

"உங்க வீடுதாங்க, கட்டிக்கிட்டிருக்கோம்," என்றார் கவ்ரிலா. "ஒரு விரல்... இன்னும் அரை விரல்... அப்படியே நில்லுங்க!"

தலைவரின் இரண்டு விரல்கள் துண்டின் ஓரத்தைத் தொட்ட கணத்தில் நாக்கு துளைக்குள் இறங்கியது. கவ்ரிலா மர ஆணியை வைத்துச் சுத்தியால் அடித்தார். அவசரத்தில், தலைவர் எவ்வளவு குனிந்திருக்கிறார் என்று பார்த்து அடிக்கவில்லை. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தலைவர் நிமிர்ந்தபோது, வளர்வதற்கு முன்பு இருந்ததைவிட ஒரு விரல் குட்டையாக இருந்தார். புதிதாகத் தைத்த கால்சட்டை தரையில் புரண்டது. அந்தக் கால்சட்டையை மிதித்துக்கொண்டே முழுச் சொற்பொழிவையும் ஆற்றினார்.

கவ்ரிலாவுக்குக் கணக்கு மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை நான்கு விரல் வளர்ந்த மனிதர் இழந்தது பதின்மூன்று. உத்தரம் எடுத்துக்கொண்டது நான்கு. மீதி ஒன்பது எங்கே? முதல் பனி விழுந்த அன்று, புது வீட்டின் அடுப்போரத்தில் பாலாகியாவுக்குப் பெண் பிறந்தது. கவ்ரிலா செய்து கொடுத்த தொட்டிலில் அது அடங்கவில்லை. கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மறுபடி தப்பாக அளந்துவிட்டதாக அவர் பதறி, கோலை எடுத்து வந்து, முதல் வெட்டிலிருந்து வைத்து, நான்கைக் கூட்டி, இரண்டு தடவை பார்த்தார். தொட்டில் சரியாகத்தான் இருந்தது. அதைவிட ஒன்பது விரல் கூடுதல் நீளத்தில் வேறொரு தொட்டில் செய்தார்.

அந்த ஆணி இன்றும் முழுதாக அடங்கியதில்லை. தலைவர் மேடை ஏறிப் பேசும் நாட்களில் கிரீச்சென்று வெளியே வரப் பார்க்கும், கூரையில் ஒரு சொட்டு ஒழுகும். பாலாகியா இடுப்பில் பிள்ளையோடு முக்காலியில் ஏறி, மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவாள். அதே நொடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேடையில் தலைவர் பேச்சை முடித்துக்கொண்டு உட்காருவார்.